கையெழுத்து கவுன்சிலருடையது, பேச்சு கணவருடையது: வார்டு மக்கள் என்ன செய்யலாம்?

தையல்காரி:

தென்மாவட்ட மாநகராட்சி ஒன்றில் குடியிருக்கிறேன். முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பு நடத்துகிறேன். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் இங்கே வென்றவர் எனக்கு நெடுநாள் பழக்கம். இருவரும் ஒரே மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தோம். கணக்கு எழுதுவது அவர்தான். வங்கியில் எங்கள் கடன் மனுவை இழுத்தடித்தபோது பேரேட்டை மேலாளர் மேஜையில் விரித்துவைத்து, "எந்தத் தவணை தவறியிருக்கிறது, காட்டுங்கள் சார்" என்று கேட்டவர். தொகை எழுதாத சீட்டில் குழுப் பெண் யாராவது கையெழுத்துப் போட்டால் அந்தச் சீட்டைக் கிழித்துவிடுவார். "வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதும் வீட்டுச் சாவியைத் தெருவில் போடுவதும் ஒன்று" என்பார்.

அவருக்காகத்தான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்கள் நிர்வாகம். சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அலைந்தோம். இனி நம் வீட்டுப் பெண் ஒருத்தி மன்றத்தில் உட்காருவாள் என்று நம்பினேன்.

இப்போது வார்டு அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கிறது. நாற்காலியில் அவருடைய கணவர் இருக்கிறார். உதவிப் பொறியாளர் அழைப்பது கணவரின் செல்போனுக்கு. குழாய் இணைப்போ வரிப் பெயர் மாற்றமோ, எதுவானாலும் அவரைத்தான் பார்க்க வேண்டும். தெருவில் எல்லோரும் அவரையே "கவுன்சிலர்" என்று கூப்பிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பிறகு, பழைய தார்த் தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுவிட்டார்கள். என் வாசற்படி இப்போது சாலைக்குக் கீழே இருக்கிறது. முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே வந்து, ஒரு கல்யாண வீட்டாருக்குத் தைத்து வைத்திருந்த ரவிக்கைகள் நனைந்து சாயம் இறங்கிவிட்டன. கேட்கப் போனேன். "எஸ்டிமேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார் கணவர். "அவரிடமே பேசிக்கொள்கிறேன்" என்றேன். "அவளுக்கு இதெல்லாம் தெரியாதம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறொருவருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே லெட்டர்பேடு தாள்கள் ஒரு கற்றை. எல்லாமே வெற்றுத் தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மனைவியின் கையெழுத்து.

எனக்கு வந்த கோபத்தைவிட வேதனைதான் அதிகம். கேள்வி இரண்டு. கணவர் இப்படி உட்கார்ந்து நிர்வாகம் செய்வதைச் சட்டம் அனுமதிக்கிறதா? அந்தப் பெண்ணை வீட்டில் சங்கடத்துக்கு ஆளாக்காமல், அவரையே எங்களுக்குப் பதில் சொல்ல வைக்க என்ன வழி?

மன்றப் பிரிவு (ஓய்வு):

வேறொரு மாநகராட்சியின் மன்றப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: இல்லை. கவுன்சிலரின் கணவர் என்றொரு பதவி எந்தச் சட்டத்திலும் கிடையாது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் 2023-இல் வந்த விதிகளும் உறுப்பினரைத்தான் அறியும். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 2023-இல் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டதும் உறுப்பினருக்குத்தான்.

கணவரை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவருடைய செல்போனுக்கு அழைக்கிற உதவிப் பொறியாளர் அரசுச் சம்பளம் வாங்குகிறவர். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரிடம் போய் எந்தத் தெருவை முதலில் எடுக்கட்டும் என்று கேட்பது அவருடைய குற்றம். நான் வேலையில் இருந்த காலத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளுக்கு இது வசதி. அஜெண்டாவைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் உறுப்பினரைவிட, வீட்டில் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டு மன்றத்தில் "ஆல் பாஸ்" வாங்குவது அவர்களுக்குச் சுலபம். ஐம்பது அறுபது தீர்மானங்கள் அரை மணி நேரத்தில் நிறைவேறுவது இப்படித்தான்.

சாலைக்கு வருகிறேன். "எஸ்டிமேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பழைய தளத்தைச் சுரண்டி எடுப்பதற்கு, அதாவது மில்லிங்குக்கு, மதிப்பீட்டில் தனி இனம் இருக்கும். அது இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், செய்யாத வேலைக்குப் பட்டியல் (பில்) போடப்பட்டதா என்பதை, செய்த வேலையின் அளவைக் குறித்துவைக்கும் அளவுப் புத்தகம் காட்டிக்கொடுக்கும். அந்த இனமே இல்லை என்றால், வீடுகள் தாழும் என்று தெரிந்தே மதிப்பீடு போட்டது யார் என்று கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுக் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) ஆவண நகலோடு நிற்கவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது.

வெளிப்படையாகச் சொல்பவன்:

சொன்னால் கோபம் வரும். 2016-இல் பெண்களுக்கு ஐம்பது சதவீதம் என்று சட்டம் திருத்தினார்கள். விளைவு இதுதான். ஆண்கள் போட்டியிட முடியாத வார்டில் மனைவியை நிறுத்தினார்கள். எங்கள் வார்டிலும் கணவர்தான் பார்க்கிறார், வேலை நடக்கிறது. கூப்பிட்டால் இரவு பத்து மணிக்கும் வருகிறார். யார் செய்தால் என்ன?

முன்னாள் உறுப்பினர்:

நான் 2011 முதல் 2016 வரை கவுன்சிலராக இருந்தவள். "யார் செய்தால் என்ன" என்கிற தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தக் கணவர் தவறு செய்தால் பதவியிலிருந்து நீக்கப்படுபவர் யார்? வழக்கு வந்தால் யார் பெயருக்கு வரும்? அந்தக் கற்றைத் தாள்களில் ஒன்றில் நாளை யாரோ எதையோ எழுதினால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது அந்தப் பெண். அனுபவிப்பது ஒருவர், மாட்டிக்கொள்வது இன்னொருவர். வேலை நடக்கிறது என்பதற்காக இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. குற்றத்தை இட ஒதுக்கீட்டின் மேல் போடுவதும் பொருந்தாது. மெட்ராஸ் மாநகராட்சிக்கு 1957-லேயே தாரா செரியன் மேயரானார். பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாது என்பது அப்போதே பொய்யாகிவிட்டது. வங்கி மேலாளரிடம் பேரேட்டை விரித்துக் காட்டிய ஒருத்திக்கு எஸ்டிமேட் புரியாதா?

எனக்கும் இதே கதைதான். என் மைத்துனர் பார்த்துக்கொண்டார். கூட்டத்துக்கு முன்பு அஜெண்டா கட்டு வீட்டுக்கு வரும். அது முதலில் அவர் கைக்குப் போகும், என்னிடம் வருவதற்குள் பாதித் தாள்கள் இருக்காது. என்னை மாற்றியது கட்சியோ கணவரோ இல்லை. ஒப்பந்ததாரர் இரண்டு மாதக் கூலி தராததால், தூய்மைப் பணி செய்யும் பெண்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். மைத்துனர் என்ன விஷயம் என்று கேட்டார். "அம்மாவிடம்தான் சொல்வோம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியும் எழவில்லை. நான் வெளியே வர வேண்டியதாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் வருகை நாட்களையும் என் கையால் எழுதினேன். எழுதிய பிறகு மன்றத்தில் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் என் குரல் நடுங்கியது. ஆனாலும் பேசினேன், கூலியும் வந்தது. அதன்பின் அஜெண்டா என் கைக்கே வந்தது.

அதனால் சொல்கிறேன், சகோதரி. புகாராகப் போகாதீர்கள். பழைய குழுப் பெண்களாகச் சேர்ந்து போங்கள். மனுவை அவர் பெயருக்கு எழுதி அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். கணவர் கை நீட்டினால் கொடுக்காதீர்கள். அந்த வெற்றுத் தாள்களைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம். அதை நீங்கள் தனியாக அவரிடம் சொல்லுங்கள். குழுவில் அவர் உங்களுக்குச் சொன்னதையே சொல்லுங்கள், போதும்.

மன்றப் பிரிவு (ஓய்வு):

அம்மா சொன்னது சரி. கூடவே ஏரியா சபையையும் விடாதீர்கள். 2022-இல்தான் இதற்கு விதிகள் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், ஊர்தோறும் சபைகள் நடந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசுவது ஏரியா சபை. பகுதிப் பிரதிநிதிகள் அடங்கிய வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். கிராம சபை அளவுக்கு இது இன்னும் மக்களுக்குப் பழகவில்லை. பல ஊர்களில் நாற்காலி போட்டுப் புகைப்படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் போய்ச் சாலைப் பிரச்சினையைப் பேசி, அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

தையல்காரி:

எல்லோருக்கும் நன்றி. முன்னாள் உறுப்பினர் அம்மா எழுதியதைக் குழுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து பேர் உடனே வருகிறோம் என்றார்கள். ஒருவர் மட்டும் தயங்கினார். அவர் மகனுக்கு அந்தக் கணவர் மூலமாகத்தான் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. அவரை வற்புறுத்தவில்லை.

மன்றக் கூட்டம் இல்லாத நாளில், கணவர் அலுவலகத்தில் இருக்கும் காலை நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தாள்களைப் பற்றி நான் தனியாகப் பேசுவேன். அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

தகவல் மனுவில் என்ன கேட்க வேண்டும் என்பதை ஐயா எழுதித் தந்தால் அப்படியே எழுதிக்கொள்கிறேன். தபாலில் அனுப்பலாமா?

மன்றப் பிரிவு (ஓய்வு):

ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஏன், எதற்கு என்று கேள்வியாகக் கேட்காதீர்கள், ஆவணமாகக் கேளுங்கள். தெருப் பெயரையும் வார்டு எண்ணையும் குறிப்பிட்டு இப்படி எழுதுங்கள்: "மேற்படி சாலைப் பணிக்கான விரிவான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். பணியையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்ய நாளும் நேரமும் குறித்துத் தெரிவிக்கவும்." மனுவின் நகல் ஒன்றைக் கவுன்சிலருக்குக் கொண்டுபோகும் மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள். மன்றத்தில் எழுந்து கேட்க அவர் கையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும்.