‘மெஸ்’ – ஒரே சொல், இரண்டு பொருள்: தமிழில் எப்படிச் சொல்வது?

உசிலம்பட்டியில் இருக்கும் மாமா ராணுவ வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்று வாரங்களாக ஒரே வரியில் நிற்கிறேன்: ‘தி மெஸ் வாஸ் எ மெஸ்.’ முதல் மெஸ் ராணுவச் சாப்பாட்டுக் கூடம், இரண்டாவது அலங்கோலம். கவிழ்ந்த சாம்பார் அண்டா, தரையெல்லாம் சோறு. அதைப் பார்த்து அவர் எழுதியது.

பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு முதலில் பரிமாறிய உணவு என்றே பொருள். பிறகு சேர்ந்து உண்ணும் கூட்டம், கலந்து குழைந்த தீனி, கடைசியில்தான் அலங்கோலம். மதுரைக்காரர்களுக்கோ மெஸ் என்றால் வாழையிலையும் கறிக்குழம்பும் மட்டுமே.

‘மெஸ் அலங்கோலமாகக் கிடந்தது’ என்று எழுதினேன். பொருள் வந்தது, சிரிப்பு போய்விட்டது. ‘குளறுபடி’ கணக்குவழக்குக்குத்தான் பொருந்துகிறது. ‘களேபரம்’ கூச்சலைச் சொல்கிறது. பழைய தமிழில் அதற்கு உடல், பிணம் என்றும் பொருள் உண்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கு வேண்டாம். அடிக்குறிப்பு போடலாமா என்றேன். “சிரிப்புக்கு உரை எழுதுவாயா மாப்பிள்ளை?” என்று மாமா மடக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சிம்மக்கல் அச்சகத்துக்குப் பக்கங்கள் போக வேண்டும். சோற்றையும் சீர்குலைவையும் ஒருசேரக் குறிக்கும் தமிழ்ச் சொல்லோ வழக்கோ உங்கள் பக்கம் உண்டா?