அயர்லாந்தில் டர்ஃப் வெட்டுவது: விவரம் தெரிந்தவர்கள் பகிருங்கள்

கால்வே பக்கத்திலிருந்து ஒருவர்:
சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிக்குத்தான் டர்ஃப் என்று பெயர். வெட்டும்போது அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே வெட்டுவது கால்வாசி வேலை, காயவைப்பது முக்கால்வாசி.

உறைபனிக் காலம் முடிந்த பிறகுதான் இறங்க வேண்டும், அதாவது ஏப்ரல் கடைசி, மே. ஈரக் கட்டி வெளியே கிடக்கும்போது ஒரு இரவு பனி உறைந்தால் போதும், உள்ளிருக்கும் நீர் விரிந்து கட்டியை நார்நாராகப் பிளந்துவிடும்; காய்ந்தபின் கையில் எடுத்தாலே உதிரும். முதலில் புல்லும் வேரும் பின்னிக் கிடக்கும் மேல்தோலைச் சீவி, போன வருடம் வெட்டிய பள்ளத்தின் தரையில் புல் மேலே இருக்கும்படி பரப்புங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அந்தப் பள்ளம் வெறும் கருஞ்சேறாகவே கிடக்கும்.

அடுத்து ஸ்லான், அதாவது டர்ஃப் வெட்டும் கருவி. நீளக் காம்பு, குறுகலான தகடு, தகட்டின் ஒரு ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிறகு. ஒரே அழுத்தில் கட்டியின் இரண்டு பக்கமும் அறுபடும். செங்கல்லைவிட நீளமாக, வழவழவென்று, ஈரம் சொட்டச் சொட்ட வரும்.

மேயோ பக்கம்:
காயவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டிகளை முதலில் தரையில் பரப்பி, மேலே தோல் கட்டும்வரை ஒன்றிரண்டு வாரம் விடவேண்டும். பிறகு ‘ஃபுட்டிங்’: நாலைந்து கட்டிகளைச் செங்குத்தாக ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி, உச்சியில் ஒன்றைக் குறுக்கே வைப்பது. நடுவில் காற்று புகுந்து வெளியேற வேண்டும், அதுதான் கணக்கு. அவசரப்பட்டு நிறுத்தினால் கட்டி தன் பாரத்திலேயே நசுங்கும். தாமதித்தால் அடிப்பக்கம் தரையோடு ஒட்டிப் புல் முளைத்துவிடும்.

மழைக்குப் பயப்படுபவர்களுக்கு ஒன்று: தோல் நன்றாகக் காய்ந்த டர்ஃப் லேசில் தண்ணீரை உறிஞ்சாது. வெயிலைவிடக் காற்றுதான் அதைக் காயவைக்கிறது. இரண்டு கட்டிகளைத் தட்டிப் பாருங்கள். மரத்துண்டு போல ‘டக்’கென்று கேட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தொப்பென்று கேட்டால் இன்னும் ஈரம். அது வெறும் புகைதான் கக்கும்.

ஆஃபலி பக்கம்:
மேல் அடுக்கில் வெட்டியது பழுப்பு, எடை குறைவு, சீக்கிரம் எரிந்து தீரும். அடியில் இருப்பது கறுப்பு, காயும்போது நன்றாகச் சுருங்கி இறுகும், நின்று எரியும். ஆழத்துக்குப் போகப் போக வயதும் கூடும்: கரிமண் தோராயமாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் சேர்கிறது, ஆகவே ஒரு மீட்டர் என்பது ஆயிரம் ஆண்டு. வெட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து. 1946-இல் தொடங்கிய அரசு நிறுவனமான போர்டு நா மோனாவே டர்ஃப் தோண்டுவதை முழுவதும் நிறுத்திவிட்டதாக 2021-இல் அறிவித்தது. 2022 அக்டோபர் 31 முதல் கடையிலோ இணையத்திலோ டர்ஃப் விற்க முடியாது. வெட்டும் உரிமை உள்ள குடும்பங்கள் தங்கள் அடுப்புக்கு வெட்டிக்கொள்ளத் தடையில்லை.

டப்ளின்:
ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. ஸ்லானில் மரமோ தோலோ தட்டுப்பட்டால் உடனே நிறுத்துங்கள். அமிலம் கலந்த, காற்றே புகாத அந்த ஈரத்தில் எதுவும் எளிதில் அழுகாது. லாங்ஃபோர்டின் கோர்லியாவில் கிடைத்த ஓக் பலகைப் பாதை கி.மு. 148-இல் வெட்டிய மரங்களால் ஆனது. ஆஃபலியில் 2003-இல் கிடைத்த ‘ஓல்டு க்ரோகன் மனிதன்’ என்னும் சடலம் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. கைவிரல் நகம்வரை அப்படியே இருக்கிறது.

கிடைத்ததைக் கழுவாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். காற்றுப் பட்டுக் காயத் தொடங்கினால் தோல் சுருண்டுவிடும். அதே ஈரக் கரிமண்ணால் மூடி, இடத்தை அடையாளம் வைத்து, தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். அது சட்டப்படி கடமையும்கூட. 2006-இல் டிப்பரரியின் ஃபேடன் மோர் சதுப்பில் இயந்திர வாளியில் சுமார் 1,200 ஆண்டு பழைய, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று வந்தது. கண்டவர்கள் அதை ஈரக் கரிமண்ணால் மூடிவைத்தார்கள். பிறகு பொறுமையாகப் பிரித்துப் பார்த்தபோது, தோல் அட்டையின் உட்புறத்தில் பப்பைரஸ் என்னும் நாணல் தாள் ஒட்டியிருந்தது.