முன்னோரின் பாவமும் புண்ணியமும் பிள்ளைகளுக்கு வருமா? யாத். 20:5, எசே. 18:20

கேள்வி:
பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்கிறது யாத்திராகமம். மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறது எசேக்கியேல். ரபிகள் (யூத வேத அறிஞர்கள்) இதை எப்படித் தீர்த்தார்கள்? மத்தேயு 3:9-இல் யோவான் ஸ்நானகன் கண்டிப்பது முன்னோர் புண்ணியம் என்ற நம்பிக்கையைத்தானா?

பதில் 1:
பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்பட வேண்டாம் என்கிற உபாகமம் 24:16-ஐ முதலில் தனியே எடுத்து வையுங்கள். அது மனிதர் நடத்தும் நீதிமன்றத்துக்கான சட்டம். அமத்சியா ராஜா தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவைத்தது இந்தச் சட்டப்படிதான் (2 இராஜா. 14:6). இதைக் கடவுளின் தீர்ப்போடு சேர்த்துப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மீதிக்கு, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்மூது என்ற நூலில் இரண்டு விடைகள் உண்டு. மோசே விதித்ததை எசேக்கியேல் வந்து நீக்கினார் என்று அதன் மக்கோத் என்ற பகுதி (24அ) துணிந்தே சொல்கிறது. சன்ஹெத்ரின் என்ற பகுதி (27ஆ) வேறு வழியில் போகிறது: தகப்பன் செய்ததைப் பிள்ளைகளும் கைவிடாமல் பிடித்துக்கொண்டால்தான் அவன் பாவம் அவர்களைத் தொடரும். அதோடு நிற்காமல், தடுக்க முடிந்தும் தடுக்காதவனுக்கும் அடுத்தவன் பாவத்தில் பங்கு உண்டு என்கிறது. எனக்கு இந்த இரண்டாவது விடையே கனமானது. பரம்பரையைவிட, கூடி வாழ்பவர்களின் பொறுப்பை அது முன்னால் வைக்கிறது.

பதில் 2:
புண்ணியத்துக்கும் தண்டனைக்கும் அளவு ஒன்றல்ல. தொசெப்தா என்ற பழைய ரபிகளின் தொகுப்பில் சோட்டா பகுதி கணக்கே போட்டுக் காட்டுகிறது: தண்டனை 4 தலைமுறை, இரக்கம் 'ஆயிரங்களுக்கு', அதாவது குறைந்தது 2,000. ஆக நன்மையின் அளவு 500 மடங்கு. பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் ஆபிரகாம், ஈசாக்கு, இஸ்ரவேலை நினைத்தருளும் என்று மோசே மன்றாடுவது (யாத். 32:13) முன்னோர் புண்ணியம் பிள்ளைகளுக்கு உதவும் என்ற நம்பிக்கைக்கு வேர்.

ஆனாலும் அது வற்றாத சேமிப்பு என்று ரபிகள் நினைக்கவில்லை. முன்னோர் புண்ணியம் எப்போது தீர்ந்தது என்றே தால்மூதின் சபாத் பகுதியில் (55அ) வாதம் நடக்கிறது. எலியா காலத்தோடு என்கிறார் ரபி யோசுவா பென் லேவி. எசேக்கியா ராஜா காலத்தோடு என்கிறார் ரபி யோகனான்.

பதில் 3:
யோவான் ஸ்நானகனைப் பற்றி. 'ஆபிரகாம் எங்கள் தகப்பன்' என்பதைச் சாக்காக வைத்து மனந்திரும்பாமல் இருப்பதையே அவர் கண்டிக்கிறார். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்கிற 8-ஆம் வசனத்தோடு சேர்த்துப் படித்தால் தெளிவாகும். இது யூத மரபுக்கு வெளியிலிருந்து வந்த தாக்குதல் அல்ல. ஆபிரகாமால் இஸ்மவேலையும் ஈசாக்கால் ஏசாவையும் காப்பாற்ற முடியாது என்று சன்ஹெத்ரின் 104அ-வும் சொல்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், டிரைபோ என்ற யூதரோடு நடத்தும் உரையாடலில், பாவிகளானாலும் ஆபிரகாமின் வம்சத்துக்கு ராஜ்யம் கிடைக்கும் என்று யூத போதகர்கள் சொல்வதாகக் குற்றம் சாட்டுகிறார். எதிர்த்தரப்பைப் பற்றி வாதத்தில் சொன்னதை அப்படியே அவர்களின் போதனையாக எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. மறுபக்கம், பிதாக்களினிமித்தம் இஸ்ரவேலர் அன்புகூரப்பட்டவர்கள் என்று பவுலே எழுதுகிறார் (ரோமர் 11:28). 'யூதருக்குப் பரம்பரை, கிறிஸ்தவருக்குத் தனிமனிதன்' என்று கோடு கிழிப்பவர்கள் இந்த வசனத்துக்கும் ரோமர் 5:12-க்கும் பதில் சொல்ல வேண்டும். ஆதாமின் பாவம் எல்லோரையும் பாதித்தது என்று அங்கே வாதிடுபவரும் பவுல்தான்.