தம்பிக்கு இதயத் தசைத் தடிப்பு: மரபணுப் பரிசோதனை செய்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறோம். போன மாதம் தம்பி மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தான். வயது 34. எக்கோவில் இதயத்தின் நடுச்சுவர் தடிமன் 19 மில்லிமீட்டர். 15 இருந்தாலே இந்த நோயைச் சந்தேகிப்பார்களாம். எம்ஆர்ஐ படத்தில் அந்தச் சுவருக்குள் இருந்த வெள்ளைத் திட்டுகளை டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். தழும்பாம். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது பரம்பரையாக வரக்கூடிய இதயத் தசைத் தடிப்பு என்று எழுதியிருக்கிறார்.

அப்பா 41 வயதில் வயலில் சரிந்து இறந்தார். மாரடைப்பு என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தோம்.

முதலில் தம்பிக்கு மரபணுப் பரிசோதனை, நோய்க்குக் காரணமான மாற்றம் உறுதியாகத் தெரிந்தால் அப்புறம் எங்களுக்கு என்கிறார். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபடுவது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு உண்டு என்று 2009இல் வந்த ஆய்வு சொல்கிறது. நமக்கும் அது வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

ரிப்போர்ட்டைப் பொறுமையாக விளக்கும் மரபியல் ஆலோசகர் மதுரை, சென்னைப் பக்கம் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? பொருள் தெளிவில்லாத மாற்றம் (நோய்க்குக் காரணமா இல்லையா என்று சொல்ல முடியாதது) என்று ரிப்போர்ட் வந்தவர்கள் அடுத்து என்ன செய்தீர்கள்? தம்பி மகளுக்கு 11 வயது, பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். எக்கோ இப்போதைக்குச் சரியாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்னார்கள்? விளையாட விட்டார்களா? தம்பி தினமும் இதைத்தான் கேட்கிறான்.