டிரஸ்ட் மேல் சொத்து வழக்கு: மற்ற அறங்காவலர்களையும் சேர்க்க வேண்டி வந்தபோது

எங்கள் சுவாதீனத்தில் இருக்கும் நிலத்தில் ஒரு துண்டைத் தங்களுடையது என்று பக்கத்து இடத்துக்காரர்கள் சொல்ல ஆரம்பித்ததால், நிலம் எங்களுடையது என்ற அறிவிப்பும் (உரிமை விளம்புகை), அவர்கள் தலையிடக் கூடாது என்ற நிரந்தரத் தடையும் (உறுத்துக்கட்டளை) கேட்டு வழக்குப் போட்டோம். பக்கத்து இடம் ஒரு குடும்ப டிரஸ்டின் சொத்து. வரி கட்டுவது, ஆள் வைப்பது, சண்டைக்கு வருவது எல்லாம் ஒரே ஆள்தான் என்பதால் டிரஸ்டையும், நிர்வாக அறங்காவலர் (டிரஸ்டி) என்று அவரையும் மட்டும் பிரதிவாதிகளாகப் போட்டிருந்தார் வக்கீல்.

எதிருரை (பிரதிவாதிகளின் எழுத்துப் பதில்) வந்தது. அதில் ஒரு பத்தி: டிரஸ்டுக்கு இன்னும் அறங்காவலர்கள் உண்டு, அவசியமான தரப்பினரைச் சேர்க்காததால் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். இது சும்மா எழுதுகிற வரி இல்லை. டிரஸ்ட் என்பது கம்பெனி போலத் தனி நபர் கிடையாது, சொத்து சட்டப்படி அறங்காவலர்கள் கையில்தான் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 31 ரூல் 2 தெளிவாகவே சொல்கிறது, பல அறங்காவலர்கள் இருந்தால், ஒருவர் மேல் வழக்குப் போட்டாலும் எல்லோரையும் தரப்பினராக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆள் விட்டுப்போனதற்காக வழக்குத் தோற்காது என்கிறது ஆர்டர் 1 ரூல் 9, ஆனால் 1976 திருத்தத்துக்கு அப்புறம் அவசியமான தரப்பினர் விட்டுப்போனால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சரி, சேர்த்துவிடலாம் என்றால் யார் யாரைச் சேர்ப்பது? பத்திரப்பதிவு அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்கினோம், அதுதான் கதையையே மாற்றியது. பத்திரத்தில் இருந்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் வெளிநாட்டில். இறந்தவரின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டுமோ என்று எங்கள் வீட்டில் ஒரே குழப்பம். வேண்டியதில்லை. இந்திய அறக்கட்டளைகள் சட்டம் 1882, பிரிவு 76-இன்படி ஒரு அறங்காவலர் இறந்தால், பத்திரம் வேறு மாதிரி சொல்லாதவரை, சொத்து மீதி அறங்காவலர்களிடம் போகும், வாரிசுகளிடம் அல்ல. பயனாளிகளான பேரப்பிள்ளைகளையும் பொதுவாகச் சேர்க்கத் தேவையில்லை, அவர்களுக்காக அறங்காவலர்களே நிற்கிறார்கள், கோர்ட் சொன்னால் மட்டும் சேர்த்தால் போதும்.

ஆர்டர் 1 ரூல் 10(2)-இல் மனுப் போட்டோம். வழக்கின் எந்தக் கட்டத்திலும் போடலாம். நிர்வாக அறங்காவலர் கடுமையாக எதிர்த்தார், காலம் கடந்துவிட்டது என்று. இங்கேதான் கவனம் வேண்டும். காலவரைச் சட்டம் 1963, பிரிவு 21-இன்படி புதிதாகச் சேர்க்கப்படுபவர் மேல், அவரைச் சேர்த்த அன்றுதான் வழக்குத் தொடங்கியதாகக் கணக்கு. விளம்புகைக்குக் காலவரை 3 ஆண்டு, எங்கள் வழக்கு வாய்தாவிலேயே அதைத் தாண்டியிருந்தது. ஆனால் நல்லெண்ணத்தில் விட்டுப்போயிருந்தால் முந்தைய தேதியிலிருந்தே கணக்கிடலாம் என்று கோர்ட் உத்தரவிட அதே பிரிவில் வழி இருக்கிறது. அந்த உத்தரவைக் கேட்டே வாங்க வேண்டும், தானாக வராது. அதே மனுவில் அதையும் கேட்டு, நிர்வாக அறங்காவலர்தான் எங்கும் ஒற்றை ஆளாகக் கையெழுத்துப் போட்டுவந்தார் என்று காட்ட வரி ரசீதுகளை இணைத்தோம். மனு அனுமதிக்கப்பட்டது. உடனே பிராதை, அதாவது எங்கள் வழக்கு மனுவைத் திருத்தி, புதியவர்களுக்குச் சம்மனும் திருத்திய பிராது நகலும் அனுப்பினோம்.

*

எங்கள் சொந்தக்காரர் வழக்கில் யாரும் இந்த ஆட்சேபணையைக் கிளப்பவே இல்லை, ஒரே ஒரு அறங்காவலர் மேல் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்து, சுவாதீனம் எடுக்க, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனாவோடு போனால், கேட்டைப் பூட்டிக்கொண்டு இன்னொரு அறங்காவலர் நிற்கிறார், கையில் டிரஸ்ட் பத்திர நகல். "என்னை யாரும் விசாரிக்கவே இல்லை, இந்தத் தீர்ப்பு என்னைக் கட்டுப்படுத்தாது" என்றார். அமீனா அதை அப்படியே எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். அப்புறம் தடையை நீக்க ஆர்டர் 21 ரூல் 97-இல் மனு, அதில் மறுபடி சாட்சி, குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

*

நான் எதிர்ப்பக்கம், அதாவது இதுபோன்ற வழக்கில் பின்னால் சேர்க்கப்பட்ட அறங்காவலர். சம்மன் வந்ததும் வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள், நம் சொந்த வீட்டை ஜப்தி செய்வார்களா என்று. முதலில் பிராதின் தலைப்பைப் பாருங்கள். "இன்ன டிரஸ்டின் அறங்காவலர் என்ற முறையில்" என்று இருக்கிறதா? எனக்கு வெறும் பெயர் மட்டும் இருந்தது, எங்கள் வக்கீல் ஆட்சேபித்துத் திருத்த வைத்தார். நிர்வாகம் செய்பவர் பார்த்துக்கொள்வார் என்று சம்மனை ஒதுக்கி வைக்கவும் கூடாது, எக்ஸ்பார்ட்டி ஆகி, நாம் இல்லாமலேயே வழக்கு நடந்துவிடும். எதிருரைக்கு 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. நாங்கள் எல்லோரும் ஒரே வக்கீலுக்கு வக்காலத்து கொடுத்து ஒரே எதிருரை போட்டோம். எங்களில் முன்பே விலகியிருந்த ஒருவர் மட்டும் தன் விலகலுக்கான ஆவணத்தை வைத்து, அதே ஆர்டர் 1 ரூல் 10(2)-இல் மனுப் போட்டுத் தன் பெயரை நீக்கிக்கொண்டார். சேர்க்க உதவும் விதிதான் நீக்கவும் உதவுகிறது.