கஷ்டம் 8 என்கிறார், கால் அப்படிச் சொல்லவில்லை

பிசியோ நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். முழங்கால் மூட்டு மாற்றி 10 வாரம் ஆனவர், வயது 64. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவதால் நாடித் துடிப்பை நம்ப முடியாது. எவ்வளவு கஷ்டப்பட்டு உழைக்கிறார் என்று அவரே எண்ணில் சொல்லும் போர்க் 0–10 அளவுகோல்தான் கதி. நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் 3 கிலோ வெயிட் கஃப் கட்டி, 10 தடவை காலை நீட்டுகிறார். கஷ்டம் எவ்வளவு என்றால் 8. ஆனால் பத்தாவது தடவையும் முதல் தடவையின் வேகம்தான், மூச்சும் அடக்கவில்லை. இன்னும் எத்தனை முடியும் என்றால் 6 என்கிறார்! வலியையும் உழைப்பையும் ஒரே எண்ணில் கலக்கிறார் என்று தோன்றுகிறது. வலிக்குத் தனி எண் கேட்டும் தெளியவில்லை. நல்ல காலில் வேகம் தளரும்வரை ஒரு செட் செய்யவைத்து, "இதுதான் 9" என்று பழக்கலாமா? செய்து பார்த்தவர்கள், எந்த எண்ணில் எடையை ஏற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள்.