புதுப்பிப்பு: தாத்தா பெட்டியில் இருந்த வெள்ளிச் சிலுவை

போன வாரம் எங்கள் யாங்கோன் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடைத்த வெள்ளிச் சிலுவையின் படத்தைப் போட்டு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸா என்று கேட்டிருந்தேனே, இல்லை. அது வெண்கலம், எனக்கே தெரிந்திருக்கணும். இது மிலிட்டரி கிராஸ், பிரிட்டிஷ் அரசின் இன்னொரு வீர விருது. 1914இல் தொடங்கியது, அப்போது கேப்டன் வரையிலான அதிகாரிகளுக்கு; இந்தியப் படையின் சுபேதார், ஜமேதார் பதவிக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். நான்கு கை நுனியிலும் கிரீடம், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைக் குறிக்கும் முத்திரை எழுத்து, ரிப்பன் வெள்ளை-ஊதா-வெள்ளை. பின்பக்கம் கீழ்க்கையில் 1945.

பெயர் இல்லையே, போலியோ என்று கேட்ட அண்ணனுக்கு: இதைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். விளிம்பில் பெயர் இருப்பது சிப்பாய்களுக்குக் கொடுத்த மிலிட்டரி மெடல். கூடவே கிடந்த ஆறுமுனை நட்சத்திரம் பர்மா ஸ்டார், இரண்டாம் உலகப்போரில் பர்மா போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம்.

தாத்தாவோ சமையல்காரர். யாருடையதை வைத்திருந்தாரோ! இனி விருது வாங்கியவர்கள் பெயரை வெளியிட்ட பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டைப் புரட்டணும். பாலிஷ் போடச் சொன்னவர்களுக்குக் கும்பிடு, தேய்க்க மாட்டேன்.